கை தட்டத் தெரியாதவன்

வீட்டில் ஜாஸ் ஒலிக்கும்போது என் மகளின் கண் ஸ்பீக்கர் பக்கம் போகாது. என் வலது கைப் பக்கம்தான் போகும். அது மெல்ல நகர்ந்து தொடையை நெருங்கினால், "அப்பா, வேண்டாம்" என்று எச்சரிக்கை வரும். அவள் பள்ளியின் ஜாஸ் பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். நாங்கள் இருக்கும் ஹூஸ்டன் பக்கத்தில் பள்ளி பேண்டு என்றால் பெரிய விஷயம். பெற்றோர்கள் முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்து ஆரவாரம் செய்வார்கள். எனக்கு மட்டும் கடைசி வரிசை. அது என் மகளாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்த இடம்.

இத்தனைக்கும், ஜாஸைப் பற்றி என்னைவிட அதிகம் படித்த மென்பொருள்காரன் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்தது, 1923இல் கிங் ஆலிவரின் பேண்டில் இரண்டாவது கார்னெட்டாக லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் முதல்முறை பதிவானார், 1959 என்ற ஒரே வருஷத்தில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'டும் வெளியாயின என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுவதால் அந்தத் தேவை யாருக்கும் வரவில்லை.

தலையில் ஏறியது எதுவும் கைக்கு இறங்கவில்லை. அதுதான் என் பிரச்சினை.

முதலில் தொடை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சபாக் கச்சேரிகளில் வளர்ந்த தொடை என்னுடையது. ஆதி தாளத்தில் ஒன்றில் தட்டு, பிறகு மூன்று விரல், ஐந்தில் தட்டு, ஆறில் வீச்சு, ஏழில் தட்டு, எட்டில் வீச்சு. அதாவது சத்தம் வருவதெல்லாம் ஒற்றைப்படையில். ஆறிலும் எட்டிலும் கை மல்லாந்து சும்மா கிடக்கும். ஜாஸில் நேர்மாறு. நான்கு எண்ணிக்கை ஒரு பார். டிரம்ஸ்காரர் இடது காலால் ஹை-ஹாட்டை 'சிக்' என்று மூடுவது இரண்டிலும் நான்கிலும். கூட்டம் கை தட்டினாலும் அங்கேதான் தட்ட வேண்டும். நான் வீச்சுப் போடும் இடத்தில்தான் ஊரே தட்டுகிறது.

மகளின் முதல் நிகழ்ச்சியில் எனக்கு இது தெரியும். புத்தகத்தில் அடிக்கோடிட்டே வைத்திருந்தேன். ஆனால் பேண்டு கிளம்பியதும் கை தன் பாட்டுக்கு ஒன்றிலும் மூன்றிலும் இறங்கியது. அடக்கமாகத் தட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். நான் உற்சாகமாகத் தட்ட, பக்கத்தில் இருந்தவர் இவருக்கு விஷயம் தெரியும்போல என்று என்னைப் பின்பற்ற, கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க என் பின்னால் வந்துவிட்டது. அரசியலில் இறங்கியிருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பேன். மேடையில் டிராம்போனுக்கு மேலே இரண்டு கண்கள் என்னை எரித்துக்கொண்டிருந்தன.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். நியூ ஆர்லியன்ஸ்காரரான ஹாரி கானிக் ஜூனியர் பியானோ வாசிக்கும் வீடியோ ஒன்று இசைக்காரர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். ரசிகர்கள் மொத்தமும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் நிறுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. வாசிப்பின் நடுவே ஓசைப்படாமல் ஒரே ஓர் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார். கூட்டம் அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தட்டு இப்போது இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. பின்னால் டிரம்ஸ் வாசிப்பவர் கைகளைத் தூக்கிக் கொண்டாடுகிறார். இதைப் பார்த்த உற்சாகத்தில் அதே உத்தியை எனக்கு நானே செய்து பார்த்தேன். தப்பாகத் தட்டுவது தெரிந்ததும் ஒன்றை விட்டுவிட்டுத் தட்டினேன். சரியான இடத்துக்கு வந்துவிட்டேனா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்றை விட்டேன். பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

தாளம் நம் ரத்தத்தில் இருக்கிறது என்று சில காலம் வாதாடிப் பார்த்தேன். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரை அதற்கு உதாரணம் காட்டுவேன். 2013இல் மெக்ஆர்தர் நிதிநல்கை பெற்றவர், ஜாஸின் தாள நுட்பங்களில் கரை கண்டவர். "அவரும் தமிழ், நானும் தமிழ்" என்றேன். "அவர் சின்ன வயசிலிருந்து வயலின் கத்துக்கிட்டவர்பா. பியானோ தானா பழகினார். நீங்க ரெண்டுல எது?" என்றாள் மகள். ரத்தத்தைப் பற்றி அப்புறம் நான் பேசவில்லை.

கைதான் இப்படி, வாயாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் ஐந்தாறு மணி நேரம் கிழக்கே ஓட்டினால் நியூ ஆர்லியன்ஸ். அங்கே பிரெஞ்சுக் குடியிருப்பில் பிரிசர்வேஷன் ஹால் என்ற சின்னஞ்சிறு அரங்கு இருக்கிறது. 1961இலிருந்து பழைய பாணி ஜாஸை விடாமல் வாசித்து வருகிறார்கள். பழைய சுவர், மரப் பெஞ்சு. குடிக்க எதுவும் விற்பதில்லை. வாசலில் வரிசையில் நின்றபோது முன்னால் தொப்பி போட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். பேச்சுக் கொடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

"எனக்கு ஆம்ஸ்ட்ராங்கைவிட பட்டி போல்டனைத்தான் பிடிக்கும்" என்றேன். சாதாரண ரசிகன் ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்வான்; போல்டன் பெயரைச் சொன்னால் மதிப்பு கூடும் என்பது என் கணக்கு. "அந்த கார்னெட்டில் ஒரு கரகரப்பு இருக்கிறது பாருங்கள்" என்று கையால் வேறு காட்டினேன்.

அவர் திரும்பி நிதானமாகப் பார்த்தார். "எங்கே கேட்டீர்கள்?"

"பழைய ரெக்கார்டில்தான்."

"நீங்கள் கொடுத்து வைத்தவர் ஐயா. அந்த ரெக்கார்டைத்தான் இந்த ஊரே நூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறது."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 1877இல் பிறந்த போல்டன் 1900களின் தொடக்கத்தில் அந்த ஊரின் முடிசூடா மன்னர். ஜாஸ் என்று பின்னால் பெயர் பெற்றதை முதலில் வாசித்தவர் என்று பலர் கைகாட்டும் ஆள். மனநலம் குன்றி 1907இல் லூசியானாவின் ஜாக்சனில் உள்ள மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசித்த ஒரு நொடிகூடப் பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்தபோது அவர் விடுதிக்குள் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நான் கேட்டிருந்தது, ஜெல்லி ரோல் மார்ட்டன் 1939இல் போல்டனை நினைத்துப் பதிவுசெய்த பாட்டு. கரகரப்பு முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. பெரியவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனதும் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வாய் அடங்கியதா? இல்லை. வேறொரு சமயம் ஒரு சிறிய கிளப்பில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாக்ஸபோன் நான்கு பார் வாசிக்க, டிரம்ஸ் நான்கு பார் பதில் சொல்ல, மறுபடி சாக்ஸபோன் என்று மாறி மாறிப் போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நம்ம குறைப்பு! மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துச் சுருக்கிக்கொண்டே வருவார்களே, அதேதான். கூட வந்த நண்பரிடம், "பாருங்க, அடுத்து ரெண்டு பார் ஆகும், அப்புறம் ஒண்ணு, கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து கோர்வை வச்சு முடிப்பாங்க" என்று முன்கூட்டியே அறிவித்தேன். சில இடங்களில் அப்படிக் குறைப்பதும் உண்டு. ஆனால் அன்றைக்கு நான்கு நான்காகவே போய், குறைக்காமல், கோர்வை வைக்காமல், நேரே முதல் மெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நண்பர் என்னைப் பார்த்தார். "இன்னிக்கு மூடு இல்லபோல" என்று சமாளித்தேன்.

அந்த நான்கு பாரைப் பிடிக்கவே எனக்கு நாளாகியிருந்தது. ஜாஸ் சோலோ என்பது ஆலாபனை மாதிரி மனம்போன போக்கில் போவது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. பாட்டின் வடிவம், பிளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பார், பழைய பிராட்வே மெட்டு என்றால் பெரும்பாலும் 32 பார், சோலோவின் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பவர் எவ்வளவு தூரம் பறந்தாலும் எந்த பாரில் இருக்கிறோம் என்பது மேடையில் எல்லாருக்கும் தெரியும். சோலோ முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கை தட்டுவது வழக்கம். அதில் நான் கண்ட தோல்வி பேஸ் சோலோவில். பேஸ்காரர் மூச்சு வாங்க ஒரு கணம் விட்டார். முடிந்துவிட்டது என்று தட்டிவிட்டேன், தனி ஆளாக. அவர் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு மேலே வாசித்தார். உண்மையிலேயே முடிந்தபோது, மறுபடி ஏமாறக்கூடாது என்று நான் தட்டாமல் இருந்தேன்.

ஜாஸ்தான் ஒத்துவரவில்லை, கூபா பக்கம் போவோம் என்று ஹூஸ்டனில் ஒரு நடன வகுப்பில் மனைவியும் நானும் சேர்ந்தோம். ஆசிரியை முதல் நாளே இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்தார். கிளாவே. இடது உள்ளங்கையைக் குவித்து அதன்மேல் ஒன்றை லேசாக வைத்து, மற்றதால் தட்ட வேண்டும். குவிந்த கைதான் ஒலிப்பெட்டி. இறுக்கிப் பிடித்தால் கட்டைச் சத்தம், தளரப் பிடித்தால் கணீர். தாளத்துக்கும் அதே பெயர்தான். இரண்டு பாரில் ஐந்து தட்டு. ஒரு பாரில் மூன்று, மறு பாரில் இரண்டு.

இங்கே எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். அந்த இரண்டு பாரையும் 16 நுண்ணெண்ணிக்கையாகப் பிரித்தேன். தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, கூட்டினால் 16. ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. அச்சாகப் பொருந்தியது. ஹவானாவைக் கும்பகோணம் வழியாகப் பிடித்துவிட்டேன் என்று பெருமிதத்தோடு தட்டினேன். ஆசிரியை, "சரியாக இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?" என்றார். ஒவ்வொரு 'த'விலும் கணக்கு வாத்தியார் மாதிரி நான் அழுத்தம் கொடுத்திருக்கிறேன். யாருக்கும் ஆட வரவில்லை.

அதைவிட மோசம் அடுத்தது. சில பாட்டுக்குக் கிளாவே மூன்றில் தொடங்கும். சிலவற்றுக்கு இரண்டில் தொடங்கும். எது என்பதை மெட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியை போட்டது இரண்டில் தொடங்கும் பாட்டு. நான் தகிடவில் ஆரம்பித்தேன். எண்ணிக்கையில் துளியும் பிசகில்லை. ஆனால் பாட்டு ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய்ந்தேன். கூபா இசைக்காரர்கள் காதில் இது நாராசமாக விழுமாம். ஆசிரியை என் கட்டைகளை நாசூக்காக வாங்கி மனைவியிடம் கொடுத்தார். 16ஆவது, தகிடவாவது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டாள். தட்டினாள். எல்லாரும் ஆடினார்கள்.

"எப்படிப் பிடிச்சே?"

"நீங்க எண்ணிட்டு இருந்தீங்க. நான் பாட்டைக் கேட்டேன்."

இதற்கும் ஒரு சரித்திர உதாரணம் கைவசம் வைத்திருந்தேன். ஹவானாவிலிருந்து நியூயார்க் வந்த காங்கா கலைஞர் சானோ பாஸோ 1947இல் ஜாஸ்காரரான டிஸி கில்லெஸ்பியின் பெரிய பேண்டில் சேர்ந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பேண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போகும்போது பாஸோ ஆளுக்கொரு தாளத்தைக் கையில் கொடுத்துத் தட்டச் சொல்வாராம். அந்த வருஷக் கடைசியில் பதிவான 'மாந்தேகா' கூபாவையும் ஜாஸையும் ஒரே பாட்டில் உட்காரவைத்தது. அடுத்த டிசம்பரில் ஹார்லெமில் பாஸோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களும் கஷ்டப்பட்டுத்தானே கற்றார்கள் என்று சொல்ல வந்தேன். மனைவி, "அவங்க பஸ்ல தட்டினாங்க. நீங்க எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கீங்க" என்றாள். போட்டு வைத்திருந்தேன்தான்.

பிரேசிலைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. போஸா நோவா கிட்டாரில் கட்டைவிரல் சம்பாவின் பெரிய முரசான சுர்தோவின் வேலையைச் செய்யும், மற்ற விரல்கள் சின்னப் பறை தம்போரிமின் வேலையைச் செய்யும். என் கட்டைவிரல் சுயபுத்தி இல்லாதது. மற்ற விரல்கள் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போனது. இந்தப் பாணியை 1958இல் உலகுக்குக் கொடுத்த ஜுவாவ் ஜில்பெர்த்தோ, அதற்கு முன் ஜியமந்தினா ஊரில் அக்கா வீட்டுக் குளியலறையில் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று மணிக்கணக்காகப் பயிற்சி செய்தவர். நானும் கிட்டாரோடு குளியலறைக்குள் போனேன். "உள்ளே என்ன பண்றீங்க? யாருக்காவது அவசரம்னா?" என்ற குரலோடு பிரேசில் முடிந்தது. கிட்டார் இப்போது தொப்பி மாட்டப் பயன்படுகிறது.

டிரினிடாட் மட்டும் என்னைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. அலுவலகத்தில் ஒரு டிரினிடாட்காரர், இந்திய வம்சாவளி. அவர் வீட்டு கராஜில் டெனர் பான் ஒன்று இருக்கிறது. எண்ணெய் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் கிண்ணமாக இறக்கி, அதில் ஸ்வரம் ஸ்வரமாகத் தட்டி எடுத்த வாத்தியம். 1880களில் ஆங்கில அரசு தெரு முரசுகளுக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் அது தகர டப்பாவுக்கு மாறி, பிறகு எண்ணெய் பீப்பாயில் வந்து நின்றது. இப்போது கார்னிவலை ஒட்டி 1963இலிருந்து நடக்கும் பனோரமா போட்டியில் ஒரு பேண்டில் நூறு பேர் வரை நின்று, பெரும்பாலும் காகிதம் பார்க்காமலே வாசிக்கிறார்கள்.

இதையெல்லாம் அவருக்கே விளக்கிவிட்டு, ரப்பர் முனை வைத்த இரண்டு குச்சிகளை வாங்கினேன். ஸரிகம வாசித்துக் காட்டலாம் என்று எண்ணம். ஸ கிடைத்தது. பக்கத்தில் ரி இல்லை. ஸவுக்கு ஒரு பக்கம் மத்தியமம், மறுபக்கம் பஞ்சமம். ரியைத் தேடிப் பஞ்சமத்தைத் தாண்டிப் போனால்தான் அது அகப்பட்டது. அங்கிருந்து கவுக்குப் போக இன்னும் இரண்டு கட்டம். பானில் ஸ்வரங்கள் படிவரிசையில் இல்லை. ஐந்தாம் ஸ்வரம், அதற்கு ஐந்தாவது என்று வட்டமாக அமைந்திருக்கின்றன. ஒரு கட்டத்தைத் தட்டினால் பக்கத்துக் கட்டமும் சேர்ந்து லேசாக அதிரும். ஒத்துப்போகும் ஸ்வரங்கள் பக்கம் பக்கமாக இருந்தால்தான் அந்த அதிர்வு காதுக்கு இனிக்கும். நம் காதுக்கு நன்றாகவே தெரிந்த ஸ-ப உறவை ஒரு தகரத்தில் இடம்பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரமிப்பில் நான் கட்டம் கட்டமாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்க, உள்ளிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது: "யாரு அங்கே பாத்திரம் தேய்க்கிறது?"

மகளுக்கும் ஒரு நாள் சறுக்கியது. சோலோவில் நடுவழியில் நின்று, தடுமாறி, எப்படியோ முடித்தாள். காரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவளுக்கு டாமி ஃபிளனகன் கதையைச் சொன்னேன். 1959 மே மாதம் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்கிறார். அசுர வேகம். சில தட்டுக்கு ஒருமுறை ஆதார ஸ்ருதியே பெயர்ந்துவிடுகிறது. மூன்று ஸ்ருதிகளுக்கு இடையே தாவித் தாவி ஓடுகிறது பாட்டு. கோல்ட்ரேன் வீட்டில் சாதகம் செய்து வந்தவர், தடையில்லாமல் கொட்டுகிறார். பியானோவில் ஃபிளனகன் சோலோவைத் தொடங்குகிறார், திணறுகிறார், ஸ்வர வரிசை அறுந்து வெறும் ஸ்வரக் கொத்துகளாகச் சுருங்குகிறது. அதே பதிவுதான் இசைத்தட்டில் வந்தது. ஜாஸ் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். "அவ்வளவு பெரிய மேதைக்கே வரலை. உனக்கு ஒரு நாள் வரலைன்னா என்ன?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கதை எனக்குத் தெரியும்பா. 1982ல அவர் அதே பாட்டைத் திரும்ப வாசிச்சு ஒரு ஆல்பமே போட்டாரு. அழகா வாசிச்சிருப்பாரு. நீங்க அந்தப் பாதியை மட்டும் யார்கிட்டயும் சொல்றதில்லை."

உண்மைதான். என் அலமாரியில் தோற்றவர்களின் கதைகள் முதல் பாதியோடு நிற்கின்றன. இரண்டாம் பாதியில் அவர்கள் எல்லாரும் உட்கார்ந்து சாதகம் செய்கிறார்கள். அந்த இடம் வந்ததும் நான் அடுத்த புத்தகத்தை எடுத்துவிடுகிறேன். அடுத்த புத்தகம் கிடைக்காத ஊர்களில் அடுத்த வாத்தியத்தை எடுக்கிறேன்.

இப்போது கண் அர்ஜென்டினா மேல். டாங்கோவின் உயிரான பாண்டோனியன் ஜெர்மனியில் பிறந்து புவெனஸ் ஐரிஸில் குடியேறிய துருத்தி வாத்தியம். 70க்கும் மேற்பட்ட பொத்தான்கள். ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை விரித்தால் ஒரு ஸ்வரம், மூடினால் பெரும்பாலும் வேறொரு ஸ்வரம். பொத்தான்களின் வரிசையிலும் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. ஆக, ஒரு பொத்தானில் இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். இவ்வளவு வசதியான வாத்தியத்தை இத்தனை நாள் எப்படி விட்டுவைத்தேன் என்று தெரியவில்லை. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாசிக்க இரண்டு கைகளும் பெட்டியோடு பட்டியால் கட்டுண்டு கிடக்க வேண்டும். இதைக் கேட்டதும் மகள் முதல்முறையாக என் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்து, "அடுத்த கச்சேரிக்கு அதைப் போட்டுக்கிட்டே வாங்கப்பா, முன்வரிசையில உட்காரலாம்" என்றாள்.